பெட்டிக்குக் கார்டு வேண்டாம் என்றேன்

என் மனைவியுடைய தங்கையின் கணவன், என் சகலை, புது வண்டியைக் கொண்டுவந்து என் வெல்டிங் பட்டறை முன்னால் நிறுத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பழவேற்காட்டில் மீன் ஏலம் முடிந்து கூட்டம் கலைகிற நேரம். கூடையோடு போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய பைக். பின்சீட்டின் இரண்டு பக்கமும் பளபளவென்று இரண்டு கறுப்புப் பெட்டிகள்.

அதே வண்டியின் படத்தை நான் மூன்று வருடமாகப் போனில் வைத்திருந்தேன். என்னிடம் இருந்தது வெல்டிங் ராடு கட்டிக் கட்டியே கேரியர் வளைந்துபோன ஒரு பழைய வண்டி. அவனோ லைட்ஹவுஸ் குப்பத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன். மீஞ்சூர்ப் பக்கம் ஆலை வேலைக்குப் போய் நாலு வருடம்தான் ஆகிறது.

"இன்னாண்ணா, எப்பிடி கீது?"

"நல்லா கீது" என்றேன்.

"அடுத்த வாரம் அவள கூட்டினு ஏற்காடு போறேன். வண்டி சாஞ்சா பாக்ஸ் ஒடஞ்சிடும்னு சொல்றாங்க. கார்டு அடிச்சிக் குடுக்கிறியா? இல்ல, வேணாமா? நீ இன்னா சொல்றியோ அதான்."

கார்டு என்பது பெட்டியைச் சுற்றி வளைத்துப் போடும் குழாய். வண்டி விழுந்தால் எடையை அது தாங்கும். உட்கார்ந்திருப்பவர் காலுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"வேணாம்பா. நம்மூரு உப்புக்காத்துல ஆறே மாசத்துல துரு புடிச்சிடும். வண்டி அழகே பூடும்" என்றேன்.

துரு பிடிக்கும் என்பது பொய்யில்லை. ஆனால் படகு வேலையில் மிஞ்சிய எவர்சில்வர் குழாய் என் பட்டறை மூலையிலேயே கிடந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினேன். அந்தப் பெட்டியில் ஒரு கீறலாவது விழட்டும் என்றிருந்தது எனக்கு. மத்தியானம் என் மனைவி, "என் தங்கச்சிய எங்கெல்லாம் கூட்டினு போறாரு பாரேன்" என்றபோது, குழம்பில் உப்பு அதிகம் என்று அவளோடு சண்டை போட்டேன்.

ஏற்காட்டிலிருந்து திரும்பும் நாள் மாலை அவன் போன் செய்தான்.

"அண்ணா, காட்டூராண்ட வண்டி வுழுந்துடுச்சி."

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, இனிக்கத்தான் செய்தது. அதற்குள் அவன், "அவ காலு அடியில மாட்டிக்கிச்சிண்ணா" என்று அழ ஆரம்பித்துவிட்டான்.

நான் போனபோது அவள் சாலையோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். டிராக்டர் உதிர்த்துப்போன வயல் சேற்றில் சக்கரம் வழுக்கியிருக்கிறது. பெட்டி உடைந்து, துணிகளெல்லாம் சேற்றில் கிடந்தன. அவள் கணுக்கால் வீங்கிப் பளபளத்தது.

"மாமா, இவர திட்டாத. மெல்ல தான் வந்தாரு" என்றாள். பக்கத்தில் நின்ற ஒருவர், கார்டு போட்டிருந்தால் கால் தப்பியிருக்குமே என்றார். அவள் உடனே, "எங்க மாமாக்குத் தெரியாதா? துரு புடிக்கும்னு அவுரு தான் வேணாம்னாரு" என்று எனக்காகப் பேசினாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் அந்த எவர்சில்வர் குழாயை எடுத்து வளைத்தேன். இரண்டு நாள் வேறு வேலை தொடவில்லை. அவன் வண்டியோடு வந்ததும் இருவரும் உட்கார்ந்து மாட்டினோம்.

"இதுக்குத் துரு புடிக்காதாண்ணா?"

"புடிக்காது. அன்னிக்கே இந்தக் குழா இங்க தான் இருந்துச்சி. உன் வண்டிய பாத்து எனக்கு வயிறு எரிஞ்சிது. அதான் வேணாம்னேன்."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"மீஞ்சூர்ல வண்டி வாங்கின எடத்துலயே கார்டு போட்டுக் குடுக்கிறேன்னாங்க" என்றான் கடைசியில். "உன் கடை முன்னாடி நிறுத்தி உனக்குக் காட்டணும்னு தான் இங்க வந்தேன்."

மிச்சமிருந்த நட்டுகளை அவனே முடுக்கினான். தன் மனைவியிடம் இதை அவன் சொல்லப்போகிறானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு குப்பத்துக்குப் போகும் பாலத்துப் பக்கம் போனான். கார்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வண்டி முன்னைவிட அழகாகத் தெரிந்தது. அத்தனைக்குப் பிறகும் எனக்கு அந்த வண்டி வேண்டும் போலத்தான் இருந்தது.