சாவு வூட்டு சுருதி

அந்த கிளாரினெட்ட மொத மொதல்ல பிரிச்சப்ப எனக்குக் கொமட்டிகினு வந்துது. தண்டலத்துல பழைய இரும்புக் கடை சாக்குல கெடந்தது அது. உள்ள கரப்பான் முட்டை, பூஞ்சை, ஓட்டைங்கள மூடுற சாவிங்க மேல பச்சைக் களிம்பு. வாயில வெக்கிற துண்டுல எவனோ ஊதி ஊதிக் காஞ்சிபோன எச்சில் சுண்ணாம்பா இறுகிக் கெடந்துது. கருமம். வெந்நீர்ல போட்டா அந்தக் கருப்பு ரப்பர் நெறம் மாறிடும். அதனால வெறும் சோப்புத் தண்ணில ஊற வெச்சி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால மூஞ்சத் திருப்பிக்கினே தேச்சேன்.

ஒரகடத்துல கார் பாகம் செய்யிற கம்பெனியில நான் டூல் ரூம் ஃபிட்டர். பள்ளிக்கூட பேண்டுல கிளாரினெட் ஊதினவன், அதுக்கப்புறமும் ஊதுற ஆச வுடல. பொண்ணுக்குக் கல்யாணம் முடிவானப்ப, "நான் மேடைக்கு வர்றப்ப நீ ஊதணும்ப்பா"ன்னு கேட்டா. அதுக்குத்தான் இவ்ளோ அசிங்கத்துலயும் கை வெச்சேன். சாவிங்களுக்கு அடியில புதுத் தோல் பேடு, மூட்டுக்குப் புது கார்க்கு, மரத்துக்குப் பாதாம் எண்ணெய்னு லீவு நாளெல்லாம் அதோடயே போச்சி. சத்தம் வந்துது. நல்ல கனமான சத்தம்.

ஆனா சுருதிதான் இன்னான்னு புரியல. ரிசப்ஷனுக்குக் கீபோர்டு வாசிக்கிறவன் எத்தன கட்டைன்னு கேட்டான். போன்ல சுருதி பாக்குற ஆப்ப வெச்சி ஊதினா, முள்ளு ஒரு கட்டையிலயும் நிக்காம ரெண்டு சுரத்துக்கு நடுவுல தொங்குது. என் வேலைதான் கோணல்னு பேடெல்லாம் மறுபடி பிரிச்சி ஒட்டினேன். வாயில வெக்கிற துண்டுல கட்டுற ரீடு மாத்தினேன். குழலோட மூட்டுங்களக் கொஞ்சம் இழுத்து நீட்டிப் பாத்தேன். ஒரு சுரம் எறங்கினா இன்னொண்ணு எறங்க மாட்டேங்குது. சனியன செவுத்துல அடிக்கலாம்னு வந்துது.

அப்ப ஒரு நாள் ஷிப்டுக்குப் போறப்ப மண்ணூர்ல ஒரு சாவு ஊர்வலம் வண்டிய மறிச்சிது. பேண்டுல ஒருத்தர் கிளாரினெட் ஊதிக்கினு போறார். கை சும்மா இருக்காம ஆப்பத் தொறந்தேன். முள்ளு அதே எடத்துல நின்னுது. மறுநாள் என் கருவிய எடுத்துக்கினு அவரத் தேடிப் போனேன். பாத்த ஒடனே வாங்கித் தடவினார். பழைய பட்டாள பேண்டுக்கு சுருதி ஒசத்தி செஞ்ச ஜோடி இதுவாம். ஒண்ணு அவர்கிட்ட, இன்னொண்ணு சாவுக்கு அவர்கூட ஊதுற கூட்டாளிகிட்ட இருந்துதாம். கூட்டாளி செத்ததும் பசங்க எடைக்குப் போட்டுட்டாங்க. "கோணல் இல்லண்ணே, இதுக்கு இதான் சுருதி. கீபோர்டுக்காரன் சுருதிய ஏத்தி வெச்சிக்கட்டும்"னார்.

நுணலும் தன் வாயால கெடும். சந்தோஷம் தாங்காம வூட்டுல சொல்லித் தொலச்சேன். என் மச்சான், பொண்டாட்டியோட அண்ணன், கல்யாணத்த முன்ன நின்னு நடத்துறவர், குதிச்சார். "சாவுக்கு ஊதினத கல்யாண மேடையில ஊதுவியா மாப்ள? சம்பந்தி வூட்டுல காறித் துப்புவாங்க." சொல்லிக்கினே மூக்கப் பொத்திக்கினார். எச்சில நான் கழுவிட்டேன். அது யாரோட எச்சிலுங்கறதுதான் அவருக்குப் போகல. பொண்ணு கிட்ட வந்து, வேணாம்ப்பா, அவங்க ஒரு மாதிரி நெனைப்பாங்கன்னா. மச்சான் சொன்னது எரிஞ்சிது. இவ சொன்னது வலிச்சிது. அவ மேடைக்கு வந்தப்ப ஏதோ சினிமா பாட்ட பென் டிரைவுல போட்டாங்க. நான் வாசல்ல பன்னீர் தெளிச்சிக்கினு நின்னேன்.

கொஞ்ச நாள்ல மாமியார் போய்ட்டாங்க. மச்சான் போன் பண்ணார். மண்ணூர் பேண்டுக்கு சொல்லியாச்சாம், கிளாரினெட்டுக்கு ஒரு ஆள் கொறையுதாம். அத எடுத்துக்கினு வா மாப்ள, அம்மாவ நல்லபடி அனுப்பணும்னார். தூ, இன்னா ஜென்மம்னு இருந்துது. முடியாதுன்னு சொல்ல வாயெடுத்தேன். பொண்டாட்டி மொகத்தப் பாத்துட்டு எடுத்துக்கினு போனேன். மாமியார் ஊரு மணிமங்கலத்துல தெரு பூரா மண்ணூர்க்காரர் பக்கத்துல நடந்து ஊதினேன். ரெண்டு குழலும் பிசிறில்லாம ஒண்ணா சேந்துது. சாவுல சந்தோஷப்படறமேன்னு வெக்கமா இருந்துது, ஆனா பட்டேன்.

எல்லாம் முடிஞ்சி திரும்பினப்ப சம்பந்தி வந்து என் கையப் புடிச்சிக்கினார். கண்ணு கலங்கியிருந்துது.

"இவ்ளோ நல்லா வாசிக்கிறீங்களே சம்பந்தி, கல்யாணத்துல ஏன் வாசிக்கல? நாங்க ஆசையா கேட்டிருப்போமே."

மச்சான் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு பந்தல் பக்கம் நழுவிட்டார். சம்பந்தி வூட்டுக்காரங்கள அன்னிக்கு யாரும் ஒரு வார்த்த கேக்கவேயில்ல. என் பொண்ணு பக்கத்துலதான் தரையப் பாத்துக்கினு நின்னா. "அப்ப என் ரிப்பேர் வேலை சரியா வரலைங்க"ன்னு சொன்னேன். சொன்ன வாய அந்த பிரஷ்ஷாலயே தேச்சிக் கழுவணும் போல இருந்துது.