கேட்டில் நின்ற கார்

போன வியாழக்கிழமை டிரைவிங் டெஸ்டில் நான் ஃபெயில்.

ஐம்பத்தெட்டு வயதில்! கார் ஓட்டத் தெரியாது என்பதையே ஒரு கொள்கை போல இத்தனை வருடம் சொல்லித் திரிந்தவன் நான். மகள் பிரசவத்துக்கு வருகிறாள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கொள்கையை மடித்துப் பரணில் போட்டுவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

டெஸ்டுக்கு எங்கள் ஸ்கூலிலிருந்து இரண்டு பேர் போனோம். ஒன்று நான். இன்னொருத்தி பேச்சியம்மாள். அவளுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது.

அவள் பாஸ்.

அந்தக் கதைக்கு முன்னால் எங்கள் டீச்சரைச் சொல்லிவிடுகிறேன். பெயர் செல்வி. முப்பது வயதிருக்கும். வாய்க்கு லைசென்ஸ் தேவையில்லை என்று நினைக்கிற ரகம்.

"சார், கிளட்ச்சை விடச் சொன்னா விடுங்க. அதென்ன, கொழுந்தியா கையை விடுத மாதிரி அம்புட்டு தயங்குதீங்க?"

பின்சீட்டில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவள் சிரித்த சிரிப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை கேட்டிருக்கும்.

இரண்டாவது வாரம் மெயின் ரோட்டில் ஒரு மில் பஸ் எங்களைத் தாண்டியது. ஜன்னலோரம் எல்லாம் தூங்கி வழியும் பெண்கள். "வழி விடுங்க சார். ஷிப்ட் முடிஞ்சு போகுதுக, பாவம்" என்றாள் செல்வி. பிறகு, ஏதோ ஸ்கூல் பெயரைச் சொல்வது போல, "நானும் பேச்சியும் ஒரு மில்லுல ரெண்டரை வருசம் அடைஞ்சு கெடந்தோம்" என்றாள்.

எழுதுகிறவன் சும்மா இருப்பானா? காரை ஓரம் கட்டினேன். உண்மையைச் சொன்னால், அதுவாகவே நின்றுவிட்டது. முகத்தில் போதுமான அளவு சோகத்தை வரவழைத்துக்கொண்டு, "சொல்லும்மா…" என்றேன்.

"மூஞ்சிய ஏன் சார் எழவு வீடு மாதிரி வச்சிருக்கீங்க? நாந்தான் உசுரோட இருக்கேன்லா?"

பிளவக்கல் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. அப்பா இல்லை. பதினைந்து வயதில் ஒரு ஏஜென்ட் வீடு தேடி வந்தான். மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் சாப்பாடு, தங்குமிடம், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. அம்மா தலையாட்டிவிட்டாள். 

உள்ளே போன பிறகுதான் கேட் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் என்பது தெரிந்திருக்கிறது. ஓர் அறைக்குப் பத்துப் பேர். வாரம் ஒரு போன், அதுவும் வார்டன் பக்கத்தில் நின்று கேட்க. பொங்கலுக்கு லீவு கேட்டால், "போறவ திரும்பி வர மாட்டா" என்று பதில். மூன்று வருடத்துக்குள் வெளியேறினால் அந்தத் தொகையும் கிடையாது.

பக்கத்துப் பாயில் படுத்தவள்தான் பேச்சியம்மாள். ஒருநாள் மெஷின் அவளுடைய இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தானாம்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு."

"எந்த ஊர் பாத்ரூம் சார் ரெண்டு விரலத் திங்கும்?" என்று என்னைக் கேட்டாள் செல்வி.

சில வாரம் கழித்து ஒரு பெண் அதிகாரி பார்வையிட வந்தார். எல்லோருக்கும் முந்தின நாளே பாடம் நடந்தது. வயது கேட்டால் பத்தொன்பது. எப்படி இருக்கிறாய் என்றால், சந்தோஷமாக இருக்கிறேன். செல்விக்குச் சிரித்த முகம் என்பதால், பூங்கொத்து கொடுக்கிற வேலை அவளுக்கு.

கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அதே சிரித்த முகத்தோடு சொன்னாள்: "மேடம், எனக்குப் பதினேழு. இந்தா நிக்கால்லா, இவ வெரலை மெஷின் எடுத்துருச்சு. நாங்க வீட்டுக்குப் போகணும்."

மேனேஜர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நீங்க நேத்து ரிவர்ஸ் எடுத்தப்ப இருந்துச்சே… அதே மூஞ்சி."

அதிகாரி என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. செல்வியை ஒரு பார்வை பார்த்தார். டீ குடித்தார். காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வார்டன் செல்வியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போய் ஸ்டோர் ரூமில் பூட்டினாள். மூன்று நாள். கட்டுப் போட்ட கையோடு பேச்சியம்மாள்தான் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாக பிஸ்கட் போட்டிருக்கிறாள். மாட்டியிருந்தால் அவளுக்கும் ஸ்டோர் ரூம்தான்.

நாலாம் நாள் அதே அதிகாரி திரும்பி வந்தார். கூடவே போலீஸ். கூடவே இரண்டு வேன். அன்றைக்கே எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. மேனேஜர் ஜாமீனில் சௌக்கியமாக இருக்கிறார். அது நம்ம ஊர் வழக்கம்.

"மொத நாளே ஏன் மேடம் கூட்டிட்டுப் போகலன்னு பொறவு கேட்டேன் சார். அன்னைக்கு அவிய ஜீப் ரிப்பேராம். வந்ததே மில்லு கார்ல. 'உங்களை ஏத்திட்டுப் போக எங்கிட்ட வண்டி இல்லம்மா'ன்னாவ. அன்னைக்கு முடிவு பண்ணேன்… வண்டி நம்ம கையில இருக்கணும்."

இப்படித்தான் செல்வி டிரைவரானாள். பிறகு டீச்சரானாள்.

பேச்சியம்மாளுக்கு அவ்வளவு வேகம் இல்லை. அவள் ஊருக்குள் ஒரு பேண்டேஜ் துணி யூனிட்டில் பேக்கிங் செய்கிறாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்பதற்காகவே அந்த வேலை. மினி வேன் ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்த முதலாளியம்மா, "லைசென்ஸ் எடுத்துட்டு வா, வேன் உனக்கு" என்று சொல்லியிருக்கிறார்.

கார் நன்றாகவே ஓட்டினாள். ஆனால், இதற்கு முன்னால் போன முதல் டெஸ்டில் மைதானத்துக்குள் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, ரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் கேட்டைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். கேட் முழுசாகத் திறந்துதான் இருந்தது. "போம்மா" என்றார் பக்கத்தில் இருந்த ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர். கால் நகரவில்லை. பின்னால் நாலு வண்டி ஹாரன். எஞ்சின் அணைந்தது. ஃபெயில்.

"ஏட்டி, தொறந்துதான கெடந்துச்சு?" என்று கேட்டாள் செல்வி.

"தெரியும்க்கா. ஆனா… யாராச்சும் போன்னு சொல்லணும்லா?"

"அவர்தான் சொன்னாரே!"

"கேட்ல நிக்குத ஆளு சொல்லலயே."

திரும்பும் வழியில் செல்வி கண்ணில் பட்ட கேட்டையெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தாள்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது கேட் படலம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை கேட் இருக்கிற ஒரு கட்டடத்தையும் செல்வி விடவில்லை. காலேஜ், குடோன், ரைஸ் மில்… உள்ளே போ, வெளியே வா. மறுபடி உள்ளே போ. வாட்ச்மேன்கள் திட்டினார்கள். சக மாணவன் என்ற முறையில் பின்சீட்டில் இருந்து பாதித் திட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நாலு தடவை போய் வந்தோம். நாலாவது தடவை எங்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து, ஜன்னல் வழியாகப் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்தார்கள். பேச்சியம்மாள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே வந்தவள், நிறுத்த மறந்து கேட்டைத் தாண்டிவிட்டாள்! செல்வி என்னைத் திரும்பிப் பார்த்து, 'பேசாதீங்க' என்று ஜாடை காட்டினாள்.

வியாழக்கிழமை வந்தது. இன்ஸ்பெக்டர் அவள் கையைப் பார்த்து, "டாக்டர் சர்டிபிகேட் இருக்கு, சரி. கியர் போடுவியாம்மா?" என்றார்.

"கியர் எடது கை சார். அது முழுசா இருக்கு."

மைதானத்தைச் சுற்றி வந்தாள். ரோட்டுக்குத் திரும்புகிற இடம். அங்கேதான் விதி விளையாடியது. தண்ணி லாரி ஒன்று வந்து போனதில், வாட்ச்மேன் கேட்டைப் பாதி சாத்திவிட்டு நிழலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

கார் நின்றது. வெளியே நின்ற செல்வி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது.

ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. எனக்கு நீளமாகத் தெரிந்தது.

அப்புறம் ஹாரன். சின்ன ஹாரன் இல்லை, ஊரையே கூட்டுகிற ஹாரன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு பேச்சியம்மாள் சத்தம் போட்டாள்: "அண்ணே! பீடியைப் பொறவு குடிக்கலாம். கேட்டைத் தொறங்க!"

வாட்ச்மேன் பதறிப்போய்த் திறந்தார். அவள் போனாள். செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பொய் சொன்னாள்.

அடுத்தது நான். மைதானத்து இரும்புக் கம்பம் என் மீது மோதியது. அதற்கு மேல் விளக்க விரும்பவில்லை.

இந்த மாதிரி மனிதர்களைப் பார்த்தால் நமக்கு ஒரு புத்தி… வாழ்க்கையில் நம்பிக்கை வருவதற்கு ஏதாவது ஒரு வாசகம் கிடைக்குமா என்று பையை நீட்டிக்கொண்டு நிற்போம். நானும் டீக்கடையில் செல்வியிடம் கேட்டேன். அன்றைக்குப் பூங்கொத்தோடு நின்றபோது அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது?

"தைரியமாவது! அதிகாரி வாராவன்னு காலைலருந்து சோறு போடாம வெயில்ல நிக்க வச்சுட்டாவ. பசி சார்! எரிச்சல்ல சொல்லிட்டேன்."

சுத்தம்! ஆனால், யோசித்தால் எனக்கு இது போதும் என்றுதான் படுகிறது. மகாத்மாக்களால்தான் முடியும் என்றால் நாம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். பசித்த ஒரு பெண்ணின் எரிச்சலும், ஜன்னலில் விழுந்த நாலு பிஸ்கட்டும் போதும் என்றால்… நாம் தப்பிக்க வழியே இல்லையே?

அடுத்த டெஸ்டுக்கு எனக்குப் பேச்சியம்மாள் வகுப்பு எடுக்கப் போகிறாளாம். கண்டிப்பான ஆள் என்று கேள்வி.