கடைசி வாளி

பக்கத்து வளவில் குழாய்க்கிணறு தோண்டும் இயந்திரம் கக்கிய ஈரக்களியின் மணம் இன்று மூக்கில் ஏற, ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டோரம் இருந்த எங்கள் குடியிருப்பும் அதன் ஒரே கிணறும் நினைவுக்கு வந்தன.

மழை பொய்த்த அந்த வருடம், ஊற்றுக்கண்ணை அடைத்த சேற்றை அள்ளினால் தண்ணீர் பெருகும் என்று நம்பிய வாலிபர் கழகத்தார், வீடு வீடாக வாங்கிய கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து, மிச்சமிருந்த கலங்கல் தண்ணீரையும் பாட்டும் பகிடியுமாக, ஊர் கூடிச் செய்த சிரமதானத்தில் இறைத்து ஊற்ற, சிறுவர்களாகிய நாங்கள் வெளியே அது தேங்கிய சேற்றில் குதித்து விளையாடினோம்.

பொழுது சாய்ந்தும் ஊற்று வரவில்லை. குடங்களோடு காத்திருந்த பெண்களில் எதிர்வீட்டு மணியக்கா, "துப்புரவாக்கச் சொன்னா, துடைச்செல்லோ வைச்சிருக்கிறாங்கள்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"தம்பி, ஏறி வாடா" என்று அம்மா கிணற்றுக்குள் குனிந்து தன் தம்பியைக் கூப்பிட்டார். கழகத் தலைவரான என் மாமா, கிணற்றின் அடியில் களியில் காதை வைத்தபடி, "கொஞ்சம் பொறுங்கோ அக்கா, ஈரம் கிடக்கு" என்றார். அம்மா வெறுங்குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு தண்ணீரில்லாமல் குடும்பம் குடும்பமாக எல்லோரும் வெளியேறினோம். இப்போது ஊரைக் காடு மூடிவிட்டது. புறப்பட்ட அன்று எங்கள் வண்டி கிணற்றடியைக் கடந்தபோதும், மாமா இறங்கி ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.