டோக்கன் எண் 404

உறையூரில் ஒரு குழந்தை டாக்டரின் கிளினிக்குக்கு டோக்கன் கொடுக்கும் சர்வர் நிரலை எழுதிக் கொடுத்திருந்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஆபீஸ். பெற்றோர் கிளினிக்கில் பதிந்து வைத்த தங்கள் போன் எண்ணைத் தட்டினால் டோக்கன் வரும். நேரம் பார்த்துக் கிளம்பினால் போதும். முதல் வாரம் நன்றாகவே ஓடியது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

இரண்டாவது வாரம் ஒரு காலை, கிளினிக் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் போன் செய்தார். என் வயதுதான் அவருக்கும். பன்னிரண்டு வருஷமாக அதே மேசை.

"மேடம், ஒரு நாளைக்கு எத்தனை டோக்கன் வரைக்கும் குடுக்கும்?"

அறுபது என்றேன்.

"இங்க ஒருத்தர் நானூத்தி நாலு வச்சிருக்காருங்க."

முசிறிப் பக்கத்து விவசாயியாம். மனைவி மடியில் சளியோடு குழந்தை. சுவரில் இருந்த பலகையில் முப்பத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கோபமே படாமல் மேசைக்கு வந்து, எங்கள் முறை வர சாயங்காலம் ஆகிவிடும் போலிருக்கிறது, அதற்குள் காந்தி மார்க்கெட் வரை போய்விட்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். இந்தப் பெண் அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, முப்பத்தெட்டுக்கு அடுத்து அவர்களை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த விவசாயி புது போன் எண் வாங்கியிருக்கிறார். அந்த எண் பதிவில் இல்லை. தேடியது கிடைக்காவிட்டால் சர்வர்கள் வழக்கமாகச் சொல்லும் குறியீடு 404. அதோடு ஆங்கிலத்தில் 'நாட் ஃபவுண்ட்' என்று இரண்டு வார்த்தை. அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போன் திரையிலோ 'உங்கள் டோக்கன்' என்ற தலைப்பு எப்போதும் இருக்கும். சர்வர் எதை அனுப்பினாலும் அதன் கீழே பெரிய எழுத்தில் விழும். பாவம், அவர் வேறு என்னவென்று நினைப்பார்?

மறுநாள் காலை டவுன் பஸ் பிடித்து உறையூருக்குப் போனேன். வரவேற்புப் பெண் தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். நான் உட்கார்ந்த கால் மணி நேரத்தில் எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒரு தகப்பனார் வந்தார். அவருடைய குழந்தை நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவர் முகம்தான் வெளுத்திருந்தது.

"இன்டர்னல் எரர்னு வருதுங்க. பாப்பாவுக்கு உள்ள ஏதாவது ப்ராப்ளமா?"

"உள்ள கோளாறு எங்க கம்ப்யூட்டருக்குங்க. பாப்பா நல்லாத்தான் இருக்கா" என்றார் இந்தப் பெண். நான் நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அன்று மதியம் வரை அந்தப் பெண் பேசுவதையே எழுதிக்கொண்டிருந்தேன். யாரிடமும் அவர் 'இல்லை' என்று ஆரம்பிக்கவில்லை. போன் மாற்றினீர்களா, பழைய எண் ஞாபகம் இருக்கிறதா என்பார். இன்றைக்கு டோக்கன் முடிந்தது, நாளைக்கு ஏழு மணிக்குப் போட்டுப் பாருங்கள் என்பார். என்ன ஆயிற்று, இனி என்ன செய்யலாம், இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும், எந்தப் பிழையானாலும் சர்வரை விட்டு வெளியே போகும் முன் ஒரே இடத்தில் வந்து நிற்கும்படி நிரலை மாற்றினேன். அங்கே ஒவ்வொன்றுக்கும் தமிழில் வாசகம் எழுதினேன். எந்தத் தகவல் அட்டவணை, நிரல் எத்தனையாவது வரியில் உடைந்தது போன்ற விவரமெல்லாம் என் பதிவேட்டுக்கு மட்டும் போகும். முதல் வாசகத்தை அவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டேன்: 'பயனர் கண்டறியப்படவில்லை.'

"ஆளைக் காணோம்னு போலீஸ்ல எழுதிக் குடுத்த மாதிரி இருக்குங்க மேடம்."

அழித்துவிட்டு, 'இந்த எண் எங்களிடம் இல்லை. புது எண்ணா? பழைய எண்ணைப் போட்டுப் பாருங்கள்' என்று எழுதினேன். அது தேறியது. அந்த 404-ஐ என்ன செய்தீர்கள் என்று கேட்டார். போனும் சர்வரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள அது வேண்டும், எடுக்க முடியாது என்றேன்.

"உள்ளயே இருக்கட்டும். வெளிய வர வேணாம்."

ஆனால் நானே இன்னொரு எண்ணை வெளியே விட்டேன். யாராவது பிழை என்று போன் செய்தால் எந்தப் பிழை என்று நான் கண்டுபிடிக்க வேண்டுமே. அதற்காக வாசகத்தின் கீழே நான்கு இலக்க அடையாள எண் ஒன்றைச் சேர்த்தேன். இரண்டே நாளில் ஓர் அம்மா, எனக்கு டோக்கன் எண் ஏழாயிரத்துச் சொச்சம் வந்திருக்கிறது என்று மேசைக்கு வந்து நின்றிருக்கிறார்.

எண்ணே வேண்டாம், பூப் பெயர் வையுங்கள் என்று இந்தப் பெண்தான் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல வழி எனக்கும் தோன்றவில்லை. ஐம்பது பூக்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு, பிழை வரும்போது எண்ணுக்குப் பதில் அதில் ஒன்று வரும்படி செய்துவிட்டேன். அதற்குப் பிறகு, "மேடம், செண்பகம் வந்திருக்கு" என்று போன் வரும். செண்பகத்தைத் தேடினால் என்ன உடைந்தது என்று பதிவேட்டில் இருக்கும். முதல் தடவை ஸ்பீக்கரில் அதைக் கேட்ட என் கணவர், செண்பகம் யார், சாப்பிட்டுவிட்டுப் போவார்களா என்று கேட்டார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் டாக்டர் திடீரென்று வெளியூர் போக வேண்டியதாயிற்று. அன்று டோக்கன் போட்டிருந்த எல்லாருக்கும் செய்தி போயிற்று: டாக்டர் இன்று இல்லை, இதே டோக்கன் நாளைக்குச் செல்லும், காய்ச்சல் அதிகமிருந்தால் காத்திருக்காமல் வேறு டாக்டரைப் பாருங்கள். பதினொரு மணிக்கு நானே போன் செய்து கூட்டம் எப்படி என்று கேட்டேன். ஹால் காலியாக இருக்கிறது, ஒரே ஒருவர்தான் நனைந்துகொண்டு வந்தார் என்றார்.

அவருக்குச் செய்தி போகவில்லையா என்று பதறிவிட்டேன்.

"போச்சுங்க. மெசேஜ் தெளிவா இருக்கு, சரிதானான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தாராம். சரிதாங்கன்னேன். போயிட்டு வரேன்னு கெளம்பிட்டாரு."