மூன்று பிரதி, மூன்று சீட்டு

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு போன் அடித்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் உள்ள ஒரு கமக்காரர் சங்கத்தின் செயலாளர் பேசினார்.

"தம்பி, உங்கட போன் அப்புக்கு என்ன நடந்த? ஒருக்காப் பாத்தா எனக்கு எட்டாம் நம்பர். மறுகாப் பாத்தா முப்பத்தொண்டு. பக்கத்து வயல்காரனுக்கும் எட்டெண்டு காட்டுது. இஞ்ச ஆக்கள் போனத் தூக்கிப்புடிச்சிட்டு நிக்கிறாங்க."

"பாத்திட்டுச் சொல்றன்" என்று வைத்தேன்.

நான் அப்போது மட்டக்களப்பு நகரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேவர் கணினிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். புரோகிராம் எழுதுவது மற்றவர்கள், எழுதியதை ஓட வைப்பது நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் குபர்னெட்டிஸ் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அவர்கள் எதிர்பார்ப்பது வேறு, அது எனக்குத் தெரியும்.

சீட்டு

அந்த வட்டையில், அதாவது அந்த வயல்வெளியில், நாற்பத்தொரு கமக்காரர். அறுவடைக்கு வருவது ஒரே ஒரு வெட்டு மெசின். யாருக்கு முதல், யாருக்குக் கடைசி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிப்பார்கள். சீட்டில் விழுந்த பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. அண்ணன் தம்பிக்குள்ளும் பேச்சு வராது. அது அவர்களின் கட்டுப்பாடு.

அந்தக் குலுக்கலைத்தான் நாங்கள் போனுக்குக் கொண்டுவந்தோம். அப் குலுக்கும், ஆளாளுக்கு நம்பர் காட்டும். நல்ல போன் இல்லாதவர்களுக்குச் செயலாளர் தன் போனில் பார்த்து வாயால் சொல்வார். அந்தப் பெரும்போக அறுவடைக்கு வியாழக்கிழமை பின்னேரம் சீட்டு விழுந்தது. வெள்ளிக்கிழமை காலை நான் அப்பைப் பழைய சேவரிலிருந்து குபர்னெட்டிஸுக்கு மாற்றினேன்.

தெரியாதவர்களுக்கு: அப்பையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரு பெட்டிக்குள் கட்டிவைப்பதுதான் கண்டெய்னர். அந்தப் பெட்டிகளுக்குக் கங்காணி குபர்னெட்டிஸ். மூன்று பிரதி ஓடட்டும் என்றால் மூன்று ஓடும். ஒன்று செத்தால் அதுவே இன்னொன்றை எழுப்பும். பழைய சேவர் அடிக்கடி படுத்துவிடும், அறுவடை நேரத்தில் படுத்தால் எங்களைக் கிழித்துவிடுவார்கள். அதனால்தான் அந்த அவசரம்.

பத்தரைக்கு முன்

எங்கள் ஒபிஸில் புதிதாக ஒன்றை ஏற்றுவதென்றால் நேரம் பார்ப்போம். சிரிக்க வேண்டாம், முதலாளி பார்ப்பார், நாங்களும் மறுத்ததில்லை. வெள்ளி பத்தரைக்கு இராகுகாலம் தொடங்கும். அது பன்னிரண்டுக்கு முடிய, அப்பை எழுதிய நியாஸ் ஜும்மாவுக்குக் காத்தான்குடிக்குப் போய்விடுவான். ஆகவே பத்தரைக்குள் முடித்தாக வேண்டும்.

என் கையில் பன்னிரண்டு படிகள் எழுதிய தாள் இருந்தது. ஒன்பதாவது படி: 'அப் தன் தரவுகளை எங்கே எழுதுகிறது என்று பார். கண்டெய்னருக்குள் எழுதினால் வெளியே வொலியூம் என்ற நிரந்தரச் சேமிப்பிடம் கட்டு.' அதற்கு வரும்போது பத்து இருபது. நாற்பத்தொரு பெயரும் டேட்டாபேஸில் இருப்பது எனக்குத் தெரியும். பார்க்காமலே சரி போட்டேன். பத்து இருபத்தாறுக்கு டிப்ளோய் பண்ணி, பழைய சேவரில் ஓடிய கண்டெய்னரை அழித்தேன். டஷ்போர்ட் திரையில் மூன்று பிரதிக்கும் பச்சை. முதலாளி கற்பூரம் கொளுத்தினார். நாங்கள் வடை சாப்பிட்டோம்.

பின்னேரம் செயலாளரின் போனுக்குப் பிறகு நியாஸைக் கூப்பிட்டேன். திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"அண்ணன், பேருகள்தான் டேட்டாபேஸ்ல இரிக்கி. சீட்டு விழுந்த ஒழுங்கு கண்டெய்னருக்குள்ள ஒரு பைல்ல எழுதுது. பைல் இல்லாட்டி அது புதுசாக் குலுக்கிரும்."

பழைய கண்டெய்னரோடு உண்மையான பட்டியலும் போய்விட்டது. புதிய மூன்று பிரதிகளும் பைலைக் காணாமல் ஆளுக்கொரு சீட்டுக் குலுக்கியிருந்தன. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எந்தப் பிரதி பதில் சொல்கிறதோ அதன் நம்பர் வரும்.

"சங்கத்துக்குச் சொல்லிருவம் அண்ணன். திருப்பிக் குலுக்கட்டும்" என்றான் நியாஸ்.

"சும்மா இரு. எல்லாம் சீட்டுத்தானே. ஒண்ட வைச்சிட்டு ரெண்ட எடுத்தாச் சரி."

அப்படித்தான் செய்தேன். பிரதிகளை ஒன்றாகக் குறைத்து, அதன் பைலை வொலியூமில் வைத்தேன். எல்லாப் போனிலும் நம்பர் நிலைத்தது. செயலாளரிடம் "அப்டேட் ஒண்டு நடந்த. இப்ப காட்டுறதுதான் சரியான பட்டியல்" என்றேன். அவர் நம்பினார். முன்னுக்கு வந்தவர்கள் பேசவில்லை. பின்னுக்குப் போனவர்கள் சீட்டு என்று அடங்கிவிட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு எனக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது.

யோகம்மா

திங்கட்கிழமை ஒருவர் மட்டும் வந்தார். யோகம்மா, அறுபது வயதிருக்கும், தனியாக மூன்று ஏக்கர் வயல் செய்பவர். குருக்கள்மடத்துக்குப் பாதைப் படகில் வாவியைக் கடந்து, அங்கிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

"மனே, எனக்கு மூண்டாம் நம்பர் எண்டுதான் செயலாளர் சொன்ன. இப்ப இருபத்தேழாம். என்ட வயல் வாவியோரத்துப் பள்ளக்காணி. மழை வந்தா மெசின் இறங்காது."

"செயலாளர் என்ன சொல்றார்?"

"அவர் கனபேருக்குப் பாத்துச் சொன்னவர். ஞாபகமில்லையாம்."

எனக்கும் அவருடைய பழைய நம்பர் என்னவென்று தெரியாது. ஆனால் அது மாறியிருக்கும் என்பது தெரியும். திரையைத் திருப்பிக் காட்டினேன். "பாருங்க அம்மா, இருபத்தேழு எண்டுதான் இருக்கு."

"கொம்பியூட்டர் சொன்னாச் சரிதானே. மகளும் இப்ப நான் எல்லாத்தையும் மறக்கன் எண்டுதான் சொல்றவள்" என்று யோகம்மா எழுந்தார். நியாஸ் என்னைப் பார்க்காமல் வெளியே போனான்.

பத்தொன்பதாம் நம்பர் வெட்டி முடிய மழை தொடங்கியது. நாலு நாள் விடவில்லை. செயலாளர் போன் எடுத்தார்.

"இருபத்தேழத் தாண்டி விடுங்க தம்பி. நெல் வேளாண்மை சாஞ்சு கதிரிலயே முளைச்சிட்டு. மெசின் இறங்காது."

அப்பில் அதற்கு 'தவிர்' என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினேன்.

இரண்டு மாதம் கழித்து, வேறொரு சங்கத்துக்குக் காட்ட என் போனில் படங்கள் தேடினேன். அந்த வியாழக்கிழமை சீட்டு விழுந்தவுடன் நான் எடுத்து வைத்து மறந்துபோன திரையின் படம் ஒன்று வந்தது. முதல் ஐந்து பெயர்கள். மூன்றாவது யோகம்மா.

மறுநாள் நானும் நியாஸும் யோகம்மாவின் ஊருக்குப் பாதைப் படகில் ஏறினோம். வீட்டு வாசலில் அவருடைய மகள் நின்றார். "அம்மாவோடயா? எதெண்டாலும் என்னட்டச் சொல்லுங்க. அவவுக்கு இப்ப ஒண்டும் ஞாபகம் நிக்கிறல்ல. மூணாம் நம்பர் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித்திரிஞ்ச. அடுத்த போகம் வயல என்ட இவர்தான் செய்யப்போறார்."

யோகம்மா உள்ளே இருந்து வந்தார். நான் போனைக் காட்டி, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், நட்டத்தைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் போனை வாங்கி, மூன்றாவது பெயரில் விரலை வைத்தார்.

வேலையில் நான் கற்றது இதுதான்: செத்த கண்டெய்னரைக் கங்காணி எழுப்பும். அதற்குள் இருந்ததை எழுப்பாது. தரவு எங்கே எழுதப்படுகிறது என்று பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள். அழித்துவிட்டால் அந்த மணித்தியாலமே வாயைத் திறந்து சொல்லுங்கள். திரை பச்சையாக இருப்பதைப் பார்த்து நானே பிழை நடக்கவில்லை என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

யோகம்மா மகளைக் கையைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினார்.

"இவளுக்குச் சொல்லுங்க மனே. இவள்ட புருசனயும் கூப்பிடுறன், அவருக்கும் சொல்லுங்க. மறுகா சங்கத்திலயும் வந்து சொல்லுங்க."

"சொல்றன் அம்மா."

"இப்ப சொல்லுங்க."

"மூண்டு உங்கட அம்மாட நம்பர்தான்" என்றேன் மகளிடம். "அவ ஒண்டையும் மறக்கல்ல. நான்தான் பொய் சொன்ன."