மின்சாரம் போன மேடை

தூத்துக்குடியிலிருந்து வந்து, சுங்குவார்சத்திரத்தில் தங்கி, செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். உடன் வேலை செய்த மூன்று பெண்களோடு ராக் இசைக்குழுவும் நடத்தினேன். "பாடுனது போதும்ளா, ஊருக்கு வந்துரு" என்று அப்பா சொல்லிவிட்டதால், பக்கத்திலிருந்த மண்ணூர் திருவிழாதான் கடைசி மேடை என்று முடிவு செய்திருந்தேன்.

நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் பெண்களைப் பற்றி நான் எழுதிய பாட்டை அன்று பாடினேன். "சினிமாப் பாட்டு பாடும்மா!" என்று கூட்டம் கத்தியது. அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போனது. நல்லதாகப் போயிற்று என்று இறங்கிவிட்டேன்.

கம்பெனிச் சீருடையில் இருந்த ஓர் அக்கா வந்து என் கையைப் பிடித்தார்.

"இன்னாமா பாதியில எறங்கிட்ட? எங்க கால் வலிய யாரும் பாட்டா பாடினதில்ல. கரண்டு இல்லாட்டி இன்னா, தொண்ட கீதுல்ல? பாடு."

மறுபடி ஏறினேன். டிரம்ஸ் மட்டும் துணைக்கு இருக்க, தொண்டை கிழியப் பாடினேன். பல்லவி திரும்ப வந்தபோது பெண்கள் பக்கம் முழுவதும் சேர்ந்து பாடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இறங்கியதும் அப்பாவை அழைத்தேன். "நான் வரலப்பா. பாடத்தான் போறேன்."

"சரி, நேரத்துக்குச் சாப்பிடு" என்றார்.

இன்று பாட்டுதான் என் தொழில். அந்த அக்காவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆனால் யாருக்காகப் பாடுகிறோம் என்ற சந்தேகம் அதன்பின் எனக்கு வந்ததே இல்லை.