மாதங்கி கேட்ட ஆப்

மாதங்கி வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்பவள். வீடு லோத்குண்டாவில், நோயாளிகள் பெரும்பாலும் ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கம். ஒருவருடைய முழங்காலை மடக்கிப் பிடித்திருக்கும்போது இன்னொருவரிடமிருந்து போன் வரும். "மேடம், எப்ப வர்றீங்க?" எடுத்தால் வேலை நின்றுவிடும். எடுக்காவிட்டால் விடாமல் அடிப்பார்கள்.

பேகம்பேட்டில் வேலை பார்க்கும் தோழி ஷோபாதான் அந்த வலைத்தளத்தைக் காட்டினாள். என்ன வேண்டும் என்று எழுதினால் போதும், ஏ.ஐ. தானே ஆப்பைச் செய்து கொடுத்துவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து மாதங்கி எழுதினாள்: "என் பிசியோதெரபி வேலைக்கு நல்ல, அழகான ஆப் ஒன்று வேண்டும்."

ஒரு முழு ஆஸ்பத்திரி வந்து நின்றது. வெள்ளைக் கோட்டில் சிரிக்கும் டாக்டர்கள், சிறப்புப் பிரிவுகள், உறுப்பினர் கணக்கு. அவள் எப்போது வருவாள் என்பது மட்டும் எங்கும் இல்லை.

"டாக்டர்களை எடுத்துவிடு" என்றாள். போனார்கள்; கூடவே பாதிப் பக்கமும் காணாமல் போனது. பக்கத்தைக் கேட்டாள். டாக்டர்களோடு திரும்பி வந்தது. வருகை நேரத்தைச் சேர்க்கச் சொன்னதும் எல்லா எழுத்தும் ஆங்கிலமாயிற்று. ஒவ்வொரு தடவையும் "மிக நல்ல யோசனை!" என்று அது பாராட்டியதுதான் அவளுக்கு அதிக எரிச்சலாக இருந்தது. அந்த வாரம் முழுக்கப் போராடி, ஒருவழியாகத் தேறிய ஒன்றை நோயாளிகளுக்கு அனுப்பினாள்.

சின்னசாமி ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. மறுநாள் மாதங்கி உள்ளே நுழையும்போது அவருடைய போன் தரையில் கிடந்தது.

"ஈமெயில் கேக்குதும்மா. பாஸ்வேர்டு கேக்குது. ஒத்தக் கையில எத்தனை தடவை அடிக்கிறது? நீ எப்ப வருவேன்னுதானே பாக்க வந்தேன்?"

அவர் மனைவி வள்ளியம்மாள் போனை எடுத்துத் துடைத்தார். "எங்களுக்கு இது நக்கோம்மா, வேண்டாம். போனே பண்ணிக்கிறோம்."

மாதங்கி அன்று அவர் விரல்களை நீட்டி மடக்கிவிட்டாள். வெளியே வந்ததும் ஷோபாவை அழைத்து, சின்னசாமி ஒற்றைக் கையால் பட்ட பாட்டைச் சொல்லிக் கத்தினாள். "முட்டாள் மிஷின்! என்ன சொன்னாலும் புரியமாட்டேங்குது."

"முதல்ல என்ன எழுதின? படி."

படித்துக் காட்டினாள்.

"இதுல உன் பேஷண்ட் எங்கடி? அவருக்கு எந்தக் கை வேலை செய்யும்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லாம விட்டதை எல்லாம் அது தானா நிரப்பிக்கும். அதைப் போய் ஒட்டுப் போட்டுட்டு இருக்காத. புதுசா ஆரம்பி."

மாதங்கிக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனாலும் ஷோபா சொன்னபடி பழையதை அழித்தாள். சாயங்காலம் புதிதாக எழுதினாள்: "நான் வீடுகளுக்குப் போகும் பிசியோதெரபிஸ்ட். இதைப் பார்ப்பவர்கள் வயதானவர்கள். ஒருவருக்கு இடது கை மட்டும்தான் வேலை செய்யும், அதன் கட்டைவிரலால்தான் தொடுவார். திறந்ததும் ஒரே பக்கம். பார்ப்பவருக்கு முன்னால் இன்னும் எத்தனை வீடு பாக்கி, நான் சுமார் எத்தனை மணிக்கு வருவேன், இந்த இரண்டுதான். பெரிய எழுத்து. தமிழ் அல்லது தெலுங்கு. லாகின் வேண்டாம், டாக்டர் படம் வேண்டாம். மற்றவர்களின் பெயரோ நோயோ தெரியக் கூடாது. முதலில் இதை மட்டும் செய்."

இந்தத் தடவை டாக்டர்கள் வரவில்லை. வெள்ளைப் பக்கத்தில் பெரிய எழுத்தில், மாதிரிக்கு, இரண்டே வரி. "உங்களுக்கு முன்னால் இரண்டு வீடு. சுமார் பதினொன்றரைக்கு." மறுநாள் அவள் கொண்டுபோய்க் காட்டியபோது சின்னசாமி இடது கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். "ஹவ், ஆமா, இது சரி" என்றார்.

மாதங்கிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அடுத்த வீட்டு வேலை முடியும் வரை. ஒவ்வொரு வீட்டிலும் முடித்தவுடன் அவள்தான் ஆப்பைத் திறந்து, வீட்டு எண்ணிக்கையை மாற்றி, நேரத்தை மாற்றிச் சேமிக்க வேண்டும். கையெல்லாம் மசாஜ் எண்ணெய். போன் திரை வழுக்கியது. ஏழு அழுத்தினால் நான்கு விழுந்தது. நோயாளிகளைப் பற்றி அவ்வளவு எழுதியவள், தன்னைப் பற்றி அரை வரிகூட எழுதவில்லை.

"ஐயோ கடவுளே" என்று தெருவிலேயே வாய்விட்டுச் சொன்னாள். ஸ்கூட்டர் சீட்டில் சாய்ந்து, துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி எழுத ஆரம்பித்தாள்: "என் கையில் எப்போதும் எண்ணெய் இருக்கும்…"